ஃப்ளீட்வே நாயகர்களின் தொகுதிகள்: மாயாவியும் ஸ்பைடரும், அவர்களைப் படைத்தவர்களும்

பழந்தாள் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனம் ‘டிரெஷரி ஆஃப் பிரிட்டிஷ் காமிக்ஸ்’ என்ற வரிசையில் 2021இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகளைப் பற்றி இங்கே விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஒன்று ‘தி ஸ்டீல் க்ளா: இன்விசிபிள் மேன்’, அதாவது நம் இரும்புக்கை மாயாவியின் தொடக்கக் கதைகள். மற்றொன்று ‘தி ஸ்பைடர்ஸ் சிண்டிகேட் ஆஃப் க்ரைம்’. அது, நாம் கூர்மண்டையர் என்று அழைக்கும் ஸ்பைடரின் தொடக்க காலக் கதைகளைக் கொண்டது.

பின்னணி தெரியாத புதியவர்களுக்காகச் சில செய்திகள். மாயாவி 1962 அக்டோபர் 6 அன்று லண்டனில் வெளிவந்த ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழிலேயே அறிமுகமானார். ஸ்பைடர் 1965 ஜூன் 26 அன்று ‘லயன்’ வார இதழில் தோன்றினார். இரண்டுமே ஃப்ளீட்வே நிறுவனத்தின் இதழ்கள். போர்க்கதை, விளையாட்டுக் கதை, துப்பறியும் கதை, நகைச்சுவைப் பக்கம் எனப் பல தொடர்கள் ஒரே இதழில் வாரந்தோறும் கலந்து வந்தன. அந்தக் கலவைக்குள் மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் பெரும்பாலும் இரண்டு பக்கங்களே கிடைத்தன. ஃப்ளீட்வே பின்னர் ஐபிசி ஆனது. 1987இல் சித்திரக்கதைப் பிரிவை விற்றபோதும் இந்தப் பழைய நாயகர்களின் உரிமையை ஐபிசி தன்னிடமே வைத்துக்கொண்டது. விற்கப்பட்ட அந்தப் பிரிவைப் பின்னாளில் வைத்திருந்த எக்மாண்ட் நிறுவனத்திடமிருந்து 2016இல் 1970க்குப் பிந்தைய சேகரத்தை வாங்கிய ரெபெல்லியன், 2018இல் ஐபிசியின் பிற்காலப் பெயரான டிஐ மீடியாவிடமிருந்து அதற்கு முந்தைய சேகரத்தையும் வாங்கியது. சிதறிக் கிடந்த உரிமைகள் ஒரே கையில் சேர்ந்ததால்தான் இந்த வரிசை சாத்தியமாயிற்று.

இந்தத் தொகுதிகளில் என்னை மிகவும் நெகிழ வைத்தது அட்டையில் அச்சாகியிருக்கும் பெயர்கள். மாயாவியை எழுதிய கென் பல்மர், வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பைடரை எழுதிய டெட் கோவன், ஜெர்ரி சீகல், வரைந்த ரெக் பன். வார இதழாக வந்த காலத்தில் இந்தப் பெயர்கள் எங்குமே அச்சாகவில்லை. பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று சொல்லும் வழக்கமே அப்போது இல்லை. 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழில் கெவின் ஓநீல் சிறு பெயர்ப்பெட்டிகளை நுழைத்த பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. பல லட்சம் சிறுவர்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்த ஒரு கதையைப் படைத்தவர் பெயரற்றவராகவே இருந்தார் என்பதை எண்ணினால், இந்த அட்டைகள் தாமதமாகச் செலுத்தப்பட்ட கடன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்களிடம் கேட்க விரும்புவது இரண்டு. இக்கதைகளை இன்று தொகுதியாகப் படிக்கும்போது அவை எப்படி நிற்கின்றன? ஸ்பைடரை உருவாக்கிய கோவன், பின்னர் ஏற்று நடத்திய சீகல், இருவரில் யாருடைய கைவண்ணம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது?

கூர்மண்டையர் ரசிகை

நல்ல இழை, பழந்தாள் ஐயா. இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோவனின் ஸ்பைடரே உயர்ந்தவர். பெரும்பாலோர் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்.

கோவன் எழுதிய முதல் இரண்டு கதைகளில் ஸ்பைடர் முழுமையான குற்றவாளி. உலகின் குற்றச் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்பதே அவருடைய ஒரே குறிக்கோள். பூட்டுகளை உடைப்பதில் வல்லவனான ராய் ஆர்டினியைச் சிறையிலிருந்து மீட்டுத் தன் ஆளாக்கிக்கொள்கிறார். விஞ்ஞானி பேராசிரியர் பெல்ஹாமும் அந்தக் கும்பலில் சேர்கிறார். ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து நியூயார்க்குக்கு அருகே மீண்டும் கட்டப்பட்ட ஒரு கோட்டையில் மூவரும் தங்குகிறார்கள். கில்மோர், டிராஸ்க் என்ற இரு துப்பறிவாளர்கள் துரத்துகிறார்கள். இவ்வளவுதான் கதையின் சட்டகம். ஆனால் இதற்குள் இருக்கும் துணிச்சலைக் கவனியுங்கள். 1965இல், பத்து வயதுச் சிறுவர்களுக்கான ஓர் இதழில், கருணையோ மனமாற்றமோ இல்லாத ஒரு கொள்ளைக்காரனை நாயகனாக்கி, அவன் வெல்லவேண்டும் என்று வாசகனையே விரும்ப வைக்கிறார் கோவன். ஆர்டினியும் பெல்ஹாமும் தங்கள் தலைவரிடம் கொண்டிருப்பது விசுவாசத்தைவிட அச்சம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. சமயம் வாய்த்தால் அவரைக் கவிழ்த்துவிடலாமா என்று ஆர்டினி கணக்குப் போடும் இடங்களே அந்தக் கதைகளின் உயிர்.

1966 தொடக்கத்தில் மூன்றாவது கதையிலிருந்து சீகல் வந்தார். எதிரிகள் பெருகினார்கள், கருவிகள் பெருகின, ஸ்பைடர் படிப்படியாகக் குற்றவாளிகளை வீழ்த்தும் வீரரானார். ஆர்டினியும் பெல்ஹாமும் நம்பிக்கையான உதவியாளர்களாகிவிட்டார்கள். அந்தப் பழைய அச்சம் போய்விட்டது. 1984இல் தமிழில் வந்த லயன் காமிக்ஸில் ‘எத்தனுக்கு எத்தன்’ வழியாக ஸ்பைடரை முதலில் சந்தித்த தமிழ் வாசகர்கள் பலருக்கும், குற்றவாளியாக இருந்த அந்த ஸ்பைடர் மீது தனிப் பற்று உண்டு என்பதை நான் இங்கே பல இழைகளில் பார்த்திருக்கிறேன்.

தூரிகை

சகோதரியின் வாதத்தைப் பிறகு பார்க்கலாம். கதை யாருடையதாக இருந்தாலும் இந்த இரு தொகுதிகளையும் கையில் எடுக்க வைப்பவை ஓவியங்கள். அவற்றைப் பற்றி யாராவது சற்று நிறுத்திப் பேசவேண்டும்.

பிளாஸ்கோ 1919இல் பார்சிலோனாவில் பிறந்தவர். ‘கூட்டோ’ என்ற சிறுவன் பாத்திரத்தை 1930களிலேயே உருவாக்கி, போருக்குப் பிந்தைய ஸ்பெயினில் ‘சிகோஸ்’ இதழின் வழியாகப் பெரும்புகழ் பெற்றவர். லண்டன் பதிப்பாளர்கள் கொடுத்த ஊதியம் அன்றைய ஸ்பானிய ஊதியத்தைவிட மிகுதியாக இருந்ததால், பிராங்கோ ஆட்சிக்காலத்தில் ஏராளமான ஸ்பானிய ஓவியர்கள் பிரிட்டிஷ் இதழ்களுக்கு வரைந்தார்கள். அவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பிளாஸ்கோ. அவருடைய உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள். குடும்பமே ஒரு பட்டறையாக இயங்கியது.

மாயாவி கதையின் அடிப்படைச் சிக்கல் ஓர் ஓவியனுக்கு எவ்வளவு கொடுமையானது என்று யோசியுங்கள். மாயாவியான லூயிஸ் கிராண்டல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளர். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உயர் அழுத்த மின்சாரம் பாயும்போது உடல் மறைந்துவிடுகிறது, உலோகக் கை மட்டும் மறைவதில்லை. ஆகவே நாயகனுக்கு முகம் இல்லை, தோள் இல்லை, நடை இல்லை. கோபம், தயக்கம், வலி, பேராசை எல்லாவற்றையும் ஒரு கையின் ஐந்து விரல்களைக் கொண்டே காட்டியாக வேண்டும். பிளாஸ்கோ அதைச் செய்கிறார். கதவுக் குமிழைப் பற்றும் கை, மின்கம்பியை நோக்கி நீளும் கை, எதிரியின் கழுத்துப்பட்டையைக் கொத்தாகப் பிடிக்கும் கை, இவை ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டின் சாய்வு வேறு. அந்தக் கையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் ஒரு முழு மனிதன் நிற்பதை நம் கண் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. தூரிகையால் அவர் போடும் கனத்த நிழல்கள் இதற்குத் துணை செய்கின்றன. பின்னணியை இருளாக்கி, விரல் முட்டிகளில் மட்டும் வெண்மையை விட்டுவைத்தால் உலோகம் மின்னுகிறது.

ரெக் பன் முற்றிலும் வேறு வகை. 1905இல் பிறந்தவர், ராபின் ஹூட் கதைகளை நெடுங்காலம் வரைந்தவர். ஸ்பைடரை ஏற்றபோது அறுபது வயது. அவருடைய பலம் பேனாக்கோடு. அடுக்கடுக்கான நுண்கோடுகளால் பழங்காலச் செதுக்கு ஓவியத்தைப் போன்ற ஓர் உலகை உருவாக்குகிறார். அதனால் அவருடைய நியூயார்க் நகரம் நியூயார்க்கைப் போலவே இல்லை, பேய்க்கதையில் வரும் ஐரோப்பிய நகரம்போல இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. கூர்ந்த காதுகளும் ஒட்டச் சீவிய தலைமுடியும் கொண்ட ஒரு கரிய உருவம் நடமாட வேறு எந்த நகரம் பொருந்தும் என்பதே அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி.

அச்சைப் பற்றியும் ஒரு சொல். மூல ஓவியங்களில் பெரும்பகுதி பிழைக்காததால், இத்தகைய தொகுதிகளுக்கு அச்சான பழைய இதழ்களையே ஆதாரமாகக் கொண்டு ஸ்கேன் செய்கிறார்கள். சாணித்தாளில் மை பரவி அச்சான பக்கத்திலிருந்து பன்னின் நுண்கோடுகளை மீட்பது கடினம். பிளாஸ்கோவின் கனத்த தூரிகை அதைத் தாங்குகிறது. பன் பக்கங்களில் சில இடங்களில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருமையாகிவிட்டன. வேறு வழி இல்லை என்பது புரிகிறது, ஆனாலும் மனம் வருந்துகிறது.

நாகை நூலகர்

மூவரும் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். என் கருத்து சற்று மாறுபட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவை பல்சுவை வார இதழ்களில் வந்தவை. மாயாவியை மட்டும் வெட்டியெடுத்து ஒரு குண்டுப் புத்தகமாக்கினால் கிடைப்பது அந்தப் பாத்திரத்தின் வரலாறு. வேலியண்டின் வரலாறு கிடைப்பதில்லை. அந்த இதழின் அட்டையில் நின்றவர் பெரும்பாலும் போர்வீரரான கேப்டன் ஹரிக்கேன். மாயாவி உள்ளே இருந்தார். 1963இல் ‘நாக்அவுட்’ இதழ் வேலியண்டோடு இணைக்கப்பட்டபோது ‘கெல்லிஸ் ஐ’ தொடரும் வந்து சேர்ந்தது. சோல்டெக் என்ற மாயக்கல்லை அணிந்திருக்கும்வரை எதனாலும் சாகாத டிம் கெல்லியை வரைந்தவர் அர்ஜென்டினாவின் பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ், புகழ்பெற்ற அர்ஜென்டினாச் சித்திரக்கதையான ‘எல் எட்டர்நௌட்டா’வை வரைந்த அதே மேதை. ஒரே இதழில் சில பக்க இடைவெளியில் பிளாஸ்கோவும் சொலானோ லோபஸும்! லயன் இதழிலோ ஸ்பைடருக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1952இல், முதல் இதழிலேயே வந்துவிட்டது ரோபோ ஆர்ச்சி, நம் சட்டித்தலையன். அதையும் உருவாக்கிய எழுத்தாளர் இதே டெட் கோவன். ஆர்ச்சிக்கும் ஸ்பைடருக்கும் தந்தை ஒருவரே என்ற செய்தி தனித்தனித் தொகுதிகளைப் படிப்பவருக்கு எளிதில் உறைக்காது.

ஒரு பாத்திரம் எந்தப் பாத்திரத்தின் அருகில் நின்றது, எந்த வாரத்தில் எது முன்னே வந்தது, எந்தத் தொடர் வாசகர் கவனத்துக்காக எதனோடு போட்டியிட்டது என்பதெல்லாம் முழு இதழின் மறுபதிப்பில்தான் தெரியும். ஓராண்டு இதழ்களை அப்படியே, விளம்பரங்களும் நகைச்சுவைப் பக்கங்களும் சேர்த்து, ஒரு கட்டாக வெளியிடுவதையே நான் ஏற்பேன். படைப்பாளிகளுக்கு மரியாதை செய்வது என்றால் அவர்களோடு தோளோடு தோள் நின்று உழைத்த மற்றவர்களையும் சேர்த்துத்தான் செய்யவேண்டும். ஐந்து பெயர்கள் அட்டைக்கு வந்தன, நல்லது. அதே இதழில் உழைத்த மற்றப் பெயரற்றவர்கள் இன்னும் பெயரற்றவர்களாகவே இருக்கிறார்கள்.

பழந்தாள்

நூலகர் ஐயாவின் கடைசி வரி வலுவானது, அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் முழு இதழ் மறுபதிப்பு என்ற கோரிக்கையை நடைமுறையில் பார்க்கவேண்டும். ஓராண்டுக்கு 52 இதழ்கள். ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேற்பட்ட தொடர்கள் மற்றும் பக்கங்கள். அவற்றில் பல இன்றைய வாசகர் ஒரு பக்கம்கூடத் தாண்டாதவை. சில போர்க்கதைகளில் பிற இனத்தவரைக் குறித்த பேச்சு இன்று படிக்கவே கூசும். அத்தகைய கட்டை ஒரு சில நூறு சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள், அதோடு வரிசை நின்றுவிடும். இத்தொகுதிகள் வந்ததால்தான் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் இன்று பிளாஸ்கோவின் பெயரை அறிகிறான். 2005இல் டைட்டன் நிறுவனம் இதே இரு நாயகர்களுக்கும் அழகான ஒவ்வொரு தொகுதி போட்டது. அதே ஆண்டில் ஆலன் மூரின் கதைக்கருவில் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ சித்திரக்கதை இந்தப் பழைய நாயகர்களை மீண்டும் கொண்டுவந்தது. ஆர்வம் எழுந்தது, ஆனால் தொடர்ச்சியாக வெளியிட ஆள் இல்லை. ஆகவே, தொடர்ந்து வருவதே முதல் தேவை என்று கருதுகிறேன்.

பல்சுவை இதழின் தடம் தனித் தொகுதியில் முற்றிலும் மறைந்துவிடுவதும் இல்லை. அது கதையின் எலும்பிலேயே பதிந்திருக்கிறது. தமிழில் 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தபோது, முழுக் கதையும் ஒரே புத்தகமாக நம் கைக்கு வந்தது. ஒரே மூச்சில் படித்து முடித்தோம். பிரிட்டிஷ் சிறுவனுக்கு அதே கதை பல மாதங்கள் நீண்டது. வாரத்துக்கு இரண்டு பக்கம், ஏழு நாள் காத்திருப்பு. புதிய தொகுதியில் அந்த இரண்டு பக்க அலகுகள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதல் கட்டத்திலும் முன்கதைச் சுருக்கம், கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி சிக்கிக்கொள்கிறார், அடுத்த பக்கத்தில் தப்புகிறார்.

இதை ஒரே அமர்வில் நூறு பக்கம் படித்தால் மூச்சு வாங்கும், சலிப்பும் வரும். நாளுக்கு ஐந்தாறு அலகுகள் என்று படித்துப் பாருங்கள், பல்மரின் திறமை புலப்படும். அவர் அறிவியல் புனைகதை நாவலாசிரியர். பிற்காலத்தில் ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்ற புனைபெயரில் டிரே பிரெஸ்காட் நாவல் வரிசையை எழுதியவர். நாவலில் அத்தியாயக் கணக்கில் விரித்து எழுதப் பழகியவர், பதினைந்து இருபது கட்டங்களுக்குள் ஒரு முன்னேற்றம், ஒரு திருப்பம், ஒரு தொங்கல் ஆகிய மூன்றையும் வைக்கிறார். கிராண்டல் முதலில் தீயவனாக, நகரங்களையே மிரட்டுபவனாக இருந்து, பின்னர் விபத்து அவன் மூளையைப் பாதித்ததே காரணம் என்று விளக்கம் பெற்று, மெல்ல நேர்வழிக்குத் திரும்புகிறான். அந்த மாற்றம் பல வாரங்களாகத் துளித்துளியாக நிகழ்கிறது. பிற்பாடு டாம் டல்லி எழுத வந்தபோது மாயாவி நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாகிவிட்டார், விரல்களுக்குள் ஆயுதங்கள் வந்துவிட்டன. டல்லியின் வேகம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தன் கையைக் கண்டு தானே அஞ்சும் அந்த முதல் கிராண்டலை அவர் தொடவில்லை.

கூர்மண்டையர் ரசிகை

ஐயா, நீங்கள் மாயாவிக்குச் சொன்னது ஸ்பைடருக்கும் அப்படியே பொருந்துகிறது. தோற்றுவித்தவர் படைத்த அச்சத்தைப் பின்வந்தவர் வேகமாக மாற்றிவிட்டார். இது தற்செயலா, வார இதழ்களின் தேவையா என்று யோசிக்கிறேன்.

சீகலைப் பற்றி முன்பு கடுமையாகச் சொன்னேன். கருத்து மாறவில்லை. ஆனால் அவர் எந்த நிலையில் இதை எழுதினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1938இல் ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில், அதுவும் ஒரு பல்சுவை இதழ்தான், சூப்பர்மேன் வெளியானபோது அந்தப் பாத்திரத்தின் உரிமைக்காக அவரும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் பெற்றது 130 டாலர். பின்னர் வழக்குகள், பெயர் நீக்கம், வறுமை. 1959 வாக்கில் சூப்பர்மேனை வெளியிட்ட அதே நிறுவனத்துக்குள் மீண்டும் வந்து, தான் உருவாக்கிய சூப்பர்மேனுக்கே பெயர் போடப்படாத எழுத்தாளராகக் கூலிக்கு எழுதினார். உரிமையை மீட்க மறுபடி முயன்றபோது அந்த வேலையும் போயிற்று. அந்தக் காலகட்டத்தில்தான் அவர் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதி அனுப்பினார். அங்கும் பெயர் அச்சாகவில்லை. உலகின் முதல் பெரும் சூப்பர் ஹீரோவைப் படைத்தவர் எழுதிய கதை என்று லயன் வாசகரில் ஒருவருக்கும் தெரியாது. 1975 டிசம்பரில்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வுத்தொகையும் சூப்பர்மேன் கதைகளில் பெயரும் சீகல், ஷூஸ்டர் இருவருக்கும் கிடைத்தன.

இதை மனத்தில் வைத்து அவருடைய ஸ்பைடரைப் படித்தால் ஒன்று தெரிகிறது. சீகலின் ஸ்பைடர் ஓயாமல் தன் பெருமையைத் தானே பேசுகிறார். என்னைவிடச் சிறந்தவன் எவன் என்று கட்டத்துக்குக் கட்டம் முழங்குகிறார். கோவனின் ஸ்பைடர் இவ்வளவு பேசமாட்டார். ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை அவருடைய பாத்திரத்தின் வாயில் தேடுவது ஆபத்தான வேலை என்பதால் அதற்கு மேல் போகவில்லை. ஆனால் அந்த முழக்கத்தில் இருக்கும் ஆற்றலை நான் மறுக்கமாட்டேன். ஆண்ட்ராய்ட் எம்பரர், சினிஸ்டர் செவன் போன்ற கதைகளில் வாரத்துக்கு ஒரு புதுக் கற்பனையை அவர் வாரி இறைக்கிறார். பாதி அபத்தம்தான், ஆனால் ஒன்றுகூடச் சோம்பேறித்தனமானதில்லை. அறுபதைக் கடந்த ரெக் பன் அந்த அபத்தம் ஒவ்வொன்றையும் முழு நம்பிக்கையோடு கோடு கோடாக வரைகிறார்.

தூரிகை

சகோதரி சொன்ன கடைசிச் செய்தியோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பன் 1971இல் மறைந்தார். ஸ்பைடர் தொடர் 1969 ஏப்ரலில் முடிந்தது. வார இதழில் வந்த தொடர் முழுவதும், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், அவருடைய கையே. எழுதியவர் மாறினார், நாயகனின் குணம் மாறியது, எதிரிகளின் அளவு மாறியது. இருந்தும் அது ஒரே தொடராக நமக்குத் தோன்றுவதற்கு முழுக் காரணம் அந்த ஒருவரின் கோடு. கோவனா சீகலா என்று விவாதிக்கும்போது பன்னை மறந்துவிடுகிறோம். இந்தத் தொடரின் ஆசிரியர் யார் என்று என்னைக் கேட்டால் அவர் பெயரையே முதலில் சொல்வேன்.

நாகை நூலகர்

இதை நான் மனமார ஏற்கிறேன். முழு இதழ் மறுபதிப்பைப் பொறுத்தவரை என் நிலையில் மாற்றமில்லை. ஓராண்டுக் கட்டு இயலாது என்றால், வேலியண்டின் முதல் இதழையும் ஸ்பைடர் தோன்றிய லயன் இதழையும் மட்டுமாவது அட்டை முதல் அட்டை வரை அச்சிட்டு அந்தந்தத் தொகுதியோடு இணைப்பாகக் கொடுக்கலாம். விலை பெரிதாக ஏறாது. வரிசையும் நிற்காது. மாயாவியின் முதல் இரண்டு பக்கங்கள் எந்தக் கதைக்குப் பிறகு, எந்தக் கதைக்கு முன்பு வந்தன என்பதை வாசகர் ஒருமுறையாவது கண்ணால் பார்ப்பார்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. மாயாவித் தொகுதியை முதலில் வாங்குங்கள், பழந்தாள் சொன்னபடி சிறிது சிறிதாகப் படியுங்கள். ஸ்பைடர் தொகுதியில் கோவன் எழுதிய இரு கதைகளையும் முடித்த பிறகு சில நாள் இடைவெளி விட்டுச் சீகல் பகுதிக்குச் செல்லுங்கள். அப்போதுதான் எழுத்தாளர் மாறிய இடம் தெளிவாகத் தெரியும். கோவனைப் பிடித்தவர்கள் அடுத்து ஆர்ச்சியின் பழைய கதைகளைத் தேடலாம். சொலானோ லோபஸின் கெல்லியைப் பற்றித் தனி இழை ஒன்றைத் தொடங்க எண்ணியிருக்கிறேன். தூரிகை அவர்கள் அதில் ஓவியங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.